தண்ணீர்மலை அடிவாரத்தில் பத்து நாள்: இசை முகாமுக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு

பினாங்குக் கர்நாடக இசை முகாமுக்குப் பெயர் கொடுத்துவிட்டு என்னிடம் பேசுகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "பத்து நாளில் எத்தனை பாட்டு சொல்லித் தருவார்கள், அக்கா?" படிவம் மூன்றில் படித்தபோது நானும் இதே கணக்கோடுதான் போனேன். மூன்று கீர்த்தனையாவது கற்றுக்கொண்டு வர வேண்டும் என்று நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தேன். திரும்பி வந்தபோது ஒன்றுகூடப் புதிதாகத் தெரியாது. ஆனாலும் என் வயலின் படிப்பில் அந்தப் பத்து நாளுக்கு இணையாக வேறு எதையும் சொல்ல மாட்டேன். அதன் பிறகு இரண்டு முறை உதவியாளராகவும் போய் வந்தேன்.

நம் மலேசியாவில் கோடை என்று தனிப் பருவம் கிடையாது. நீண்ட பள்ளி விடுமுறை வந்தால்தான் முகாம். கிள்ளானில் இருந்து கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையம் போய், அங்கிருந்து பட்டர்வொர்த் வரை இ.டி.எஸ். ரயில், பிறகு பெர்ரி. வயலின் பெட்டியை மடியைவிட்டு இறக்காமல் தீவைப் பார்த்துக்கொண்டே போனேன். தங்கும் இடம் தண்ணீர்மலைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். பெண் பிள்ளைகளுக்கு மாடியில் பாய், ஆண் பிள்ளைகளுக்குப் பின்கட்டு.

முதல் நாள் மாலையே ஒவ்வொருவரையும் தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். நான் மோகன ராக வர்ணத்தை இரண்டு காலத்திலும் (வேகத்திலும்) வாசித்தேன். டீச்சர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நாளைக்குச் சரளி வரிசையில் இருந்து ஆரம்பிக்கலாம், அம்மா" என்றார். புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம் அது. அன்று இரவு போர்வைக்குள் அழுதேன். நான்கு வருடம் வகுப்புக்குப் போன பிள்ளையைப் பத்து வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைக்கிறார்களே என்று வலித்தது. உங்களுக்கும் இது நடக்கலாம். நடந்தால், யாரோ உங்களைக் கவனித்துக் கேட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள்தான் காரணம் புரிந்தது. சரளி வரிசையை ஏன் மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குகிறோம் என்று அதுவரை நான் யாரிடமும் கேட்டதில்லை. இந்தப் பாட வரிசையை வகுத்துத் தந்தவர் புரந்தரதாசர் (1484–1564) என்பது மரபு. 15வது மேளமான (தாய் ராகமான) அந்த ராகத்தில் ஸரிகம எப்படி அடியெடுத்துப் போகிறதோ, பதநிஸ அதே இடைவெளியில் போகிறது. வயலினில் இரண்டாம் தந்தி ஸ, முதல் தந்தி ப. ஆகவே ஒரு தந்தியில் விரல் போகிற இடங்கள்தான் பக்கத்துத் தந்தியிலும். டீச்சர் என் முதல் விரலைப் பிடித்து, "மோகனத்தில் உன் ரி சுத்தமாக இருக்கிறது. த மட்டும் ஏன் இறங்குகிறது? அதே விரல், அதே இடம், தந்திதான் வேறு" என்றார்.

முதல் தந்திக்குப் போகும்போது என் முழங்கை நகரவில்லை. அதனால் விரல் சாய்ந்து விழுந்து தைவதம், அதாவது த, ஒரு நூல் கீழே நின்றது. வேகமாக வாசித்தால் யார் காதுக்கும் படாது. நான்கு வருடமாக அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் பழகும்போது சுருதிப் பெட்டியைப் போடாமலே பழகியிருக்கிறேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

பிறகு மூன்று நாள் ப த ப, ஸ ரி ஸ. அவ்வளவுதான். ஒரு வில்லுக்கு ஒரு ஸ்வரம், பக்கத்தில் தம்புரா.

"இன்னும் எத்தனை தடவை வாசிக்க வேண்டும், டீச்சர்?"

"எண்ணாதே, அம்மா. தம்புராவோடு சேரும்போது உனக்கே தெரியும்."

நான்காம் நாள் காலை தெரிந்தது. த சரியான இடத்தில் விழுந்ததும் வயலினின் உடம்பு முழுவதும் அதிர்ந்து, தாடைக்குக் கீழே எலும்பில் ஒரு கூச்சம் ஓடியது. வீட்டில் ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் பழகியிருந்தால் இதற்கு எத்தனை மாதம் ஆகியிருக்குமோ! பள்ளிக்கூடம் இல்லை, டியூஷன் இல்லை, கைப்பேசியை முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார்கள். காலையில் கேட்ட பிழை மாலை வரை காதில் நிற்கும். அதைத் திருத்த அன்றைக்கே நேரமும் இருக்கும். முகாமில் இது கிடைக்கிறது. புதுப் பாட்டு ஊரிலேயே கிடைக்கும்.

நாள் ஐந்து மணிக்குத் தொடங்கும். பினாங்கில் ஏழு மணிக்குக்கூடச் சரியாக விடியாது என்பதால், ஐந்தரைக்கு உட்காரும் அகார சாதகம் ("ஆ" என்று நீட்டிப் பாடும் பயிற்சி) முழு இருட்டில்தான் நடக்கும். எல்லாரும் கீழ் ஸட்ஜத்தை (ஸ) பிடித்து நிறுத்தும்போது யார் குரல் எது என்று தெரியாது. வாத்தியம் படிப்பவர்களும் பாடத்தான் வேண்டும். "எனக்குக் குரல் வராது" என்று பின்வரிசைக்குப் போகாதீர்கள். பாடத் தெரியாத விரலுக்கு எங்கே நிற்பது என்று தெரியாது. எட்டு மணிக்குப் பசியாறிவிட்டு வகுப்பு, மதியம் ஒரு மணி நேரம் பேச்சில்லாத ஓய்வு, பிறகு தாளம். ராத்திரி ஒன்பது மணிக்கு விளக்கைக் குறைத்து ஒரு கச்சேரிப் பதிவைக் கேட்க வைப்பார்கள். அதில் தூங்கிவிடாமல் இருக்க மதிய ஓய்வில் உண்மையாகவே தூங்குங்கள்.

போவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து பயிற்சியை ஒன்றரை, இரண்டு மணி நேரமாக ஏற்றுங்கள். முக்கால் மணிக்குப் பழகிய கை திடீரென்று ஐந்து மணி நேரம் தாங்காது. இரண்டாம் நாளே எனக்கு விரல் நுனி கன்றிப்போய் மதிய வகுப்பில் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். அது வீணான ஒரு நாள்.

வாத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தீவின் ஈரக்காற்றில் வயலினின் பிருடை (தந்தியை முறுக்கும் ஆணி) ஊறி இறுகும். குளிர்சாதன அறைக்குள் கொண்டுபோனால் சுருங்கி நழுவும். எங்கள் மண்டபத்தில் திண்ணையில் ஒரு வகுப்பு, ஏர்கான் அறையில் ஒரு வகுப்பு என்று மாறி மாறி நடந்ததால் பாதி நேரம் சுருதி சேர்ப்பதிலேயே போனது. அறை மாறியதும் பெட்டியைத் திறந்து பத்து நிமிடம் விட்டுவிட்டு அப்புறம் சுருதி சேருங்கள். நழுவுகிற பிருடைக்குக் கொஞ்சம் சாக்குக்கட்டி தேய்த்தால் பிடிக்கும். முதல் தந்தியில் குறைந்தது இரண்டு உபரியாக இருக்கட்டும்; பெரும்பாலும் அறுவது அதுதான். மிருதங்கப் பிள்ளைகள் தொப்பியில் (இடது பக்கத் தோலில்) பூசும் ரவையை மறக்கக் கூடாது. ஈரத்தில் வலந்தலை (வலது பக்கம்) தளர்ந்து சுருதி இறங்கும்போது, எங்கே தட்டி ஏற்றுவது என்று மாஸ்டர் காட்டுவார். அதைத் தள்ளி நின்று பார்க்காமல் தட்டும் கல்லைக் கையில் வாங்கிச் செய்து பாருங்கள்.

மூன்றாம் நாள் இரவைப் பற்றிப் பெற்றோருக்குச் சொல்கிறேன். முதல் இரண்டு நாள் புதுமையில் போய்விடும். மூன்றாம் நாள்தான் வீட்டு நினைவு வரும். நான் உதவியாளராகப் போன ஆண்டில் பத்து வயதுத் தங்கை ஒருத்தி சாப்பிடாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா தினமும் அலுவலக எண்ணுக்கு அழைத்து "அழுகிறாயா, கண்ணு?" என்று கேட்பார். கேட்டதும் அழுவாள். நான்காம் நாள் அந்த அம்மா, "இன்றைக்கு என்ன வாசித்தாய், வாசித்துக் காட்டு" என்று மாற்றிக் கேட்டார். அவள் போனை மேசைமேல் வைத்துவிட்டு, சரளிக்குப் பிறகு வரும் ஜண்டை வரிசை வாசித்தாள். அன்று இரவு இரண்டு கரண்டி சோறு கூடுதலாகக் கேட்டு வாங்கினாள்.

ஏழாம் நாள் விடியலில் எங்களை மலைக்கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். 513 படி. பேசாமல் ஏற வேண்டும், மேலே போய் நின்றதும் ஸட்ஜம் பிடிக்க வேண்டும். மூச்சு இரைக்க இரைக்க யாருக்கும் வரவில்லை. டீச்சர் காத்திருந்தார். வாயை மூடி, மூக்கால் நான்கு முறை மூச்சை உள்ளே வாங்கச் சொல்லிவிட்டு மறுபடி பிடிக்கச் சொன்னார். வந்தது. கீழே ஊர் விளக்குகள் இன்னும் அணையவில்லை.

கடைசி நாள் நிகழ்ச்சிக்குப் பெற்றோர் வருவார்கள். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். புதுச் சட்டை மட்டும் எடுத்துப் போங்கள். நான் அதே மோகன வர்ணத்தை முதல் காலத்தில் மட்டும் வாசித்தேன். "இதைத்தான் போகும் முன்பே வாசித்தாயே" என்றார் அப்பா. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ரயிலில் பாதி வழி வந்த பிறகு, "அந்த இடம் இப்போது இனிக்கிறது" என்றார். எந்த இடம் என்று அவரால் சொல்லத் தெரியவில்லை.

பெர்ரி ஏறுவதற்கு முன்பே அடுத்த முப்பது நாள் பயிற்சியை எழுதி டீச்சரிடம் காட்டி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் பள்ளி திறந்துவிடும். என் தாளில் நான் ஏழு வரி எழுதிக் கொடுத்தேன். டீச்சர் ஆறை அடித்துவிட்டு, மிச்சமிருந்த "ப த ப" என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் "சுருதியோடு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.