மலையிலிருந்து இறங்கிய சாக்குகள்

இலங்கையின் சிவனொளிபாதமலைக்கு நான் ஏறுவது இது நான்காவது முறை. தோளில் வெறும் உரச் சாக்கைப் போட்டுக்கொண்டு ஏறியது இதுவே முதல் முறை. மஸ்கெலியாப் பக்கத்துக் கோவில் ஒன்றின் இளைஞர்களும், அயலிலுள்ள விகாரை, பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்களுமாக முப்பது பேர் வரை இரவு பத்து மணிக்கு மலையடிவாரத்து ஊரான நல்லதண்ணியில் கூடினோம். தரிசனம் முடித்து இறங்கும்போது வழியெங்கும் கிடக்கும் பொலித்தீனைப் பொறுக்கிக் கொண்டுவருவதே ஏற்பாடு.

வரும் வழியில் மவுசாகலை நீர்த்தேக்கத்தைக் கண்டோம். அணை கட்டியபோது மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும், கடும் வறட்சியில் நீர் வற்றினால் சேற்றுக்கு நடுவே தலைகாட்டும். அவை தெரிந்தால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். அதே வறட்சியில் மலையில் தேயிலைக் கொழுந்து இராது என்பதை அந்தக் கூட்டம் நினைப்பதில்லை.

எங்களுடன் வந்த பெரியம்மா முப்பது ஆண்டுகள் கொழுந்து எடுத்தவர். வெயில் காய்ந்தாலும் மழை கொட்டினாலும் பறிக்கும் கொழுந்தின் நிறை குறைகிறது; நிறை குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். மழை ஒரேயடியாகக் கொட்டும் இரவுகளில் லயம் என்னும் தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் பின்னாலுள்ள மண்மேட்டைப் பார்த்தபடி விழித்திருப்பதாகவும் அவர் சொன்னார். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியதை மலையகத்தில் மறந்தவர் எவருமில்லை. வானம் மாறியதற்குக் காரணமான புகையில், காரோ குளிர்சாதனமோ கண்டிராத அந்த லயத்து மக்களின் பங்கு எவ்வளவு இருந்துவிடப் போகிறது?

ஏறுவோரும் இறங்குவோரும் 'கருணாவை' என்று சிங்களத்தில் வாழ்த்திக்கொள்ள, நாங்கள் 'அரோகரா' சொல்லிக்கொண்டே ஏறினோம். 2,243 மீட்டர் உயர உச்சியிலுள்ள அந்தப் பாதச்சுவடு சைவர்களுக்குச் சிவபெருமானுடையது, பௌத்தர்களுக்குப் புத்தபிரானுடையது, இஸ்லாமியர்களுக்கு ஆதம் நபியுடையது. கிறிஸ்தவர்களில் ஒரு சாரார் புனித தோமையாருடையது என்பர். அரபுப் பயணி இப்னு பதூதாவும் 14ஆம் நூற்றாண்டில் இங்கு ஏறியிருக்கிறார். எத்தனையாவது முறை ஏறுகிறோமோ அத்தனை முறை மணி அடிப்பது வழக்கமாகையால், பெரியம்மா பதினொரு முறை அடித்தார். கிழக்கு வெளுத்தபோது, மலையின் முக்கோண நிழல் மேற்கே மூடுபனியின்மேல் விழுந்து மெல்லச் சுருங்குவதைக் கைகூப்பியபடி பார்த்துக்கொண்டு நின்றோம்.

இறக்கத்தில்தான் வேலை. வேண்டுதலுக்காகக் கட்டிய வெள்ளை நூல் புதர்களில் சிக்கிக்கிடக்க, நூல் சுற்றிவந்த பிளாஸ்டிக் உருளைகள் கீழே கிடந்தன. பிஸ்கட் உறைகள் பாசிக்குள் புதைந்து, இழுத்தால் இழையிழையாகக் கிழிந்தன. எங்களுடன் வந்த இளம் பிக்கு, காவியைச் செருகிக்கொண்டு ஓடைக்குள் இறங்கிப் போத்தல்களை எடுத்துத் தந்தார். இந்தச் சரிவின் நீர் மஸ்கெலியா ஓயா வழியாகக் களனி கங்கையில் சேர்ந்து கொழும்பின் குடிநீராகிறது என்று பள்ளிவாசல் இளைஞர் ஒருவர் சொன்னபோது, கொழும்பில் குடியிருக்கும் நான் கையிலிருந்த உறையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடிவாரத்தில் யாரோ தராசு கொண்டுவந்திருந்தார்கள். தன் சாக்கைத் தானே கொக்கியில் மாட்டிய பெரியம்மா, முள்ளைக் கூர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்: "கொழுந்தா இருந்தா, தம்பி, இன்னைக்கு முழுப் பேரு."