சித்தி, பயோகெமிஸ்ட்ரி முடிச்சுட்டேன், அடுத்து என்ன?

போன வாரம் அக்கா மகள் பட்டுக்கோட்டையிலிருந்து கூப்பிட்டாள். பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி கடைசிப் பரீட்சை முடிந்துவிட்டதாம். "சித்தி, கிளாஸ்ல பாதிப் பேரு மெடிக்கல் கோடிங் கோர்ஸுக்குப் பணம் கட்டிட்டாங்க. அப்பா பி.எட். போகச் சொல்றாரு. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். குரல் தழுதழுத்தது. 2007-இல் இதே கேள்வியோடு நான் நின்றபோது வழி சொல்ல எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. அதனால் அவளிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். எம்.எஸ்சி. முடித்து 2009-இல் திருச்சியில் ஒரு சின்ன லேபில் சேர்ந்தேன். மாதம் 4,500 ரூபாய். முதல் நாள் கேட்ட முதல் கேள்வி, "டி.எம்.எல்.டி. இல்லையா?" மருத்துவ லேப் டெக்னீஷியன் டிப்ளமாவைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஐந்து வருடம் கிரெப்ஸ் சுழற்சியும் என்சைம் கைனெடிக்ஸும் படித்தவளுக்கு ஒருவர் கையில் நரம்பு தேடத் தெரியவில்லை. டிப்ளமா படித்த ஓர் அக்காதான் பட்டை கட்டுவதிலிருந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். மருத்துவமனை லேப்தான் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்: அரசு லேப் டெக்னீஷியன் வேலைக்கு டி.எம்.எல்.டி. மாதிரியான படிப்பைத்தான் கேட்பார்கள். பயோகெமிஸ்ட்ரி டிகிரி அதற்கு ஈடாகாது. எங்கள் கல்லூரியில் இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அப்படியானால் அந்த ஐந்து வருடப் படிப்பு வீணா? இல்லை என்று எனக்குப் புரிந்தது ஒரு நைட் டியூட்டியில். வார்டிலிருந்து வந்த ஒரு பெரியவரின் ரத்தச் சாம்பிளில் பொட்டாசியம் 7.1 காட்டியது. அந்த அளவில் இதயம் எந்த நிமிடமும் தடுமாறலாம். மெஷினில் கோளாறில்லை, காலையில் ஓட்டிய கன்ட்ரோல்கள் (அளவு முன்பே தெரிந்த சாம்பிள்கள்) சரியாக இருந்தன. சிவப்பணு உடைந்து பொட்டாசியம் கூடியதற்கான நிறமும் சாம்பிளில் இல்லை. ஆனால் அதே சாம்பிளில் கால்சியம் 5-க்குக் கீழே இருந்தது, ஏ.எல்.பி. என்ற என்சைமும் தரைதட்டியிருந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்த்ததும் பொறி தட்டியது. ஊதா மூடி டியூபில் இருப்பது, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ.வின் பொட்டாசிய உப்பு. அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், ஏ.எல்.பி. வேலை செய்யத் தேவையான துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் கூட விடாது. வார்டுக்கு போன் செய்தேன். இந்தச் சோதனைகளுக்கான சிவப்பு டியூபில் ரத்தம் போதவில்லை என்று ஊதா டியூபிலிருந்து கொஞ்சம் ஊற்றியிருந்தார்கள். மறுபடி எடுத்த சாம்பிளில் பொட்டாசியம் 4.2. அந்தப் பெரியவருக்குத் தேவையில்லாத சிகிச்சை ஒன்று நின்றது.

பட்டனைத் தட்டினால் எண்ணை மெஷின் கொடுத்துவிடும். அந்த எண்ணை நம்பலாமா என்று சொல்ல, அது எப்படி வந்தது என்று தெரிந்த ஓர் ஆள் வேண்டும். நான் இன்று குவாலிட்டி மேனேஜராக இருப்பது அந்த அறிவால்தான். லேப்களுக்குத் தர அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். கேட்கும் ஐ.எஸ்.ஓ. 15189 தரம், கன்ட்ரோல் முடிவுகளைத் தினமும் குறிக்கும் லெவி-ஜென்னிங்ஸ் சார்ட், பல லேப்களின் முடிவுகளை ஒப்பிட்டுப் பார்க்க வேலூர் சி.எம்.சி. நடத்தும் வெளித்தரச் சோதனைக்கு மாதாமாதம் முடிவு அனுப்புவது, இவையெல்லாம் என் வேலை. பயோகெமிஸ்ட்ரி படித்தவர்களுக்கு இதில் நிஜமான இடம் இருக்கிறது.

ஆராய்ச்சிக்குப் போக எனக்கும் ஆசை இருந்தது. அப்பா ரிட்டயர் ஆகியிருந்தார், சம்பளம் உடனே தேவைப்பட்டது. என் தோழி ஒருத்தி போனாள். சி.எஸ்.ஐ.ஆர். நெட் பரீட்சையில் லைஃப் சயின்சஸ் எழுதி, மூன்றாவது தடவையில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினாள். பி.எச்டி.க்கு ஆறு வருடம் ஆனது. இப்போது ஜெர்மனியில் போஸ்ட்டாக், அதாவது பி.எச்டி.க்குப் பிந்தைய ஆய்வாளர். இன்று ஜே.ஆர்.எஃப். தொகை மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. 2023-இல்தான் அது 31,000-லிருந்து உயர்ந்தது. இந்தப் பாதையில் எம்.எஸ்சி.யை எங்கே படிக்கிறோம் என்பது மிக முக்கியம். எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வின் பயோடெக்னாலஜி தாள் வழியாக ஐ.ஐ.டி.களுக்கும், இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பி.எச்டி.க்கும் போகலாம். பயோடெக்னாலஜி முதுகலைச் சேர்க்கைக்கான கேட்-பி தேர்வு இன்னொரு வாசல். நான் இவற்றின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டது எம்.எஸ்சி. சேர்ந்த பிறகு. இரண்டாம் வருடத்தில் இருக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் ஒரு நல்ல லேபில் நிற்கலாம்.

மருந்துக் கம்பெனிகளின் உலகம் வேறு. இன்னொரு தோழி ஹைதராபாத் ஜீனோம் வேலியில் தடுப்பூசித் தரக்கட்டுப்பாட்டில் (க்யூ.சி.) இருக்கிறாள். கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி., ஆன்டிபாடி கொண்டு புரதங்களை அளக்கும் எலைசா, பாக்டீரியா நச்சைத் தேடும் எண்டோடாக்சின் சோதனை. அந்தக் கடைசிச் சோதனைக்கான வினைப்பொருள் குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து வருகிறது என்று அவள் சொன்ன அன்று, அந்த நண்டைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினோம். ஷிஃப்ட் உண்டு, தலை முதல் கால் வரை மூடிய உடை உண்டு, செய்ததை அந்த நிமிடமே பதிவேட்டில் எழுதாவிட்டால் செய்யாததற்குச் சமம். இன்டர்வியூவில் அவளிடம் கேட்டது: பஃபர் (அமில-கார அளவு மாறாமல் காக்கும் கரைசல்) நீயே கலக்கியிருக்கிறாயா, பி.எச். மீட்டரை அளவு சரிசெய்யத் தெரியுமா? முப்பது பேருக்கு ஒருவர் செய்துகாட்ட, மீதிப்பேர் நோட்டில் எழுதிய கல்லூரிகளில் படித்த நாங்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்தோம்.

மெடிக்கல் கோடிங்கை நான் குறைத்துப் பேச மாட்டேன். அமெரிக்க மருத்துவக் குறிப்புகளைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போடும் வேலை. கோடிங்குக்கான சி.பி.சி. சான்றிதழ் இருந்தால் நன்றாக வளரலாம். என் வகுப்பில் ஒருத்தி அந்தச் சம்பளத்தில் இரண்டு தம்பிகளைப் படிக்க வைத்தாள். ஆனால் இரண்டு மூன்று வருடம் கழித்து லேப் பெஞ்சுக்குத் திரும்புவது கடினம். தெரிந்து போவது வேறு, எல்லாரும் போகிறார்கள் என்று போவது வேறு.

2020-இல் கொரோனாவைக் கண்டறியும் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை வேலைக்கு மாலிக்குலர் பயாலஜி படித்த பிள்ளைகளைத் தேடித்தேடி எடுத்தார்கள். நான் பயிற்சி கொடுத்த இரண்டு பெண்கள் பி.பி.இ. உடைக்குள் வியர்த்து வழிய ஆர்.என்.ஏ. பிரித்தார்கள். அலை ஓய்ந்ததும் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை, ஒரு நன்றிக் கடிதம்கூட இல்லை. அதை நினைத்தால் இப்போதும் மனம் கொதிக்கிறது. அதில் ஒருத்தி கருத்தரிப்பு மைய லேபில் எம்பிரியாலஜி (கருவைக் கையாளும் வேலை) கற்றுக்கொண்டு அங்கேயே நிலைத்துவிட்டாள். மைக்ரோபைப்பெட்டில் பழகிய அதே நிதானமான கைதான் அங்கேயும் தேவை. செயற்கைக் கருத்தரிப்பை முறைப்படுத்தும் 2021-இன் ஏ.ஆர்.டி. சட்டம் வந்த பிறகு அந்த வேலைக்கான தகுதியும் வரையறுக்கப்பட்டுவிட்டது.

அக்கா மகளிடம் பணம் எதையும் இப்போது கட்டாதே என்றேன். முதலில் ஒரு வாரம் என்னோடு வந்து நின்று பார், பிறகு ஹைதராபாத் தோழியிடம் பேசலாம். எங்கள் லேப் இயக்குநரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டேன். பார்க்க மட்டும்தான், சாம்பிளைத் தொடக்கூடாது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு கன்ட்ரோல் ஓட்டுவோம், அதற்கு முன்னால் வந்துவிட வேண்டும். மூடிய செருப்பு போட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.