பிளாக்ஸ்பாட்டிலிருந்து சொந்த டொமைனுக்கு: ஆட்சென்ஸ் பணம் வங்கிக்கு வரும்வரை

வருடக்கணக்கில் எழுதிச் சேர்த்த பிளாக்ஸ்பாட் வலைப்பூவைச் சொந்தப் பெயருக்கு (டொமைன்) மாற்றி, கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் போட்டு, முதல் பணம் கணக்கில் விழுவதற்குள் நீங்கள் கையால் செய்யும் வேலை ஒரு மணி நேரம் இருக்கும். மற்றதெல்லாம் காத்திருப்புதான். எங்கே தடங்கும் என்று முன்பே தெரிந்தால் அதிலும் பாதி குறையும்.

முதலில் பெயர். "முதல் வருடம் 99 ரூபாய்" என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். புதுப்பிக்க எவ்வளவு என்று பாருங்கள். டாட் காம் பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைன், 2024 செப்டம்பரில் தன் மொத்த விற்பனை விலையை ஆண்டுக்கு 10.26 டாலர் ஆக்கியது. டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தாலே அடக்க விலை 870 ரூபாயைத் தாண்டுகிறது. அதன்மேல் உலக அளவில் டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் கட்டணம், 18% ஜிஎஸ்டி. இதற்குக் கீழே தருகிறவர் இரண்டாம் வருடம் வட்டியோடு வாங்கிவிடுவார்.

.இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழிலேயே முடியும் பெயர்களும் உண்டு. பார்க்க அழகுதான். ஆனால் பெயரைத் தளம் இருக்கும் இடத்தோடு இணைக்கும் டிஎன்எஸ் பட்டியலுக்குள் அவை 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாகத்தான் இருக்கின்றன. சில செயலிகளில் இணைப்பை ஒட்டினால் அந்தக் கோவையே வெளியே தெரியும், வாசகர் ஏதோ மோசடி இணைப்பு என்று நினைப்பார். அதனால் முதன்மைப் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு, தமிழ்ப் பெயரைக் கூடுதலாக எடுப்பதே நல்லது.

பெயர் வாங்கியதும் மின்னஞ்சலை உறுதிசெய்யச் சொல்லி ஒரு கடிதம் வரும். பலருக்கு அது ஸ்பாமில் கிடக்கும். 15 நாளுக்குள் அதைச் சொடுக்காவிட்டால் ஐகான் விதிப்படி பெயர் முடக்கப்படும். பதினாறாம் நாள் தளம் திறக்காதபோது டிஎன்எஸ்ஸில் தப்பு என்று நினைத்து அங்கேயே நோண்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

வலைப்பூ, சர்ச் கன்சோல் (கூகுள் தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும் கருவி), ஆட்சென்ஸ் மூன்றும் பெரும்பாலும் ஒரே கூகுள் கணக்கில்தான் இருக்கும். டொமைனை மட்டும் வேறொரு மின்னஞ்சலில், வேறொரு நிறுவனத்தில் வையுங்கள். கூகுள் கணக்கு என்றைக்காவது பூட்டப்பட்டால் பெயராவது கையில் நிற்கும். டொமைன் விற்பதையே கூகுள் 2023இல் கைகழுவி, சுமார் 1 கோடி பெயர்களை ஸ்கொயர்ஸ்பேஸ் என்ற நிறுவனத்துக்கு விற்றது. வாடிக்கையாளரைக் கேட்டுச் செய்யவில்லை. புதிய டொமைனிலேயே உருவாக்கிய மின்னஞ்சலையும் பதிவுக்குக் கொடுக்காதீர்கள். பெயர் காலாவதியானால் அஞ்சலும் சேர்ந்து நின்றுவிடும், கடவுச்சொல் மாற்றும் கடிதம் வர வழியிருக்காது.

அடுத்தது டிஎன்எஸ். பிளாக்ஸ்பாட்டை நடத்தும் பிளாக்கரின் அமைப்பில் சொந்த டொமைனை 'டபிள்யூடபிள்யூடபிள்யூ' சேர்த்து இட்டால், பிழைச் செய்தியோடு இரண்டு சிநேம் வரிகள் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் பதிவுகள்) கிடைக்கும். அவற்றை டொமைன் வாங்கிய இடத்தின் டிஎன்எஸ் பேனலில் இட வேண்டும். ஒன்று எல்லோருக்கும் பொது: பெயர்ப் பெட்டியில் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ', இலக்குப் பெட்டியில் 'ஜிஹெச்எஸ்.கூகுள்.காம்'. இன்னொன்று உங்களுக்கு மட்டுமே உரிய நீளமான கோவை. தட்டச்சு செய்யாமல் நகலெடுத்தே ஒட்டுங்கள். டபிள்யூ மூன்றும் இல்லாத வெறும் பெயருக்கு நான்கு ஏ ரெக்கார்டுகள் (பெயரை ஐபி எண்ணுக்குத் திருப்பும் பதிவுகள்): 216.239.32.21, 216.239.34.21, 216.239.36.21, 216.239.38.21.

இங்கே மூன்று தப்புகள் திரும்பத் திரும்ப வரும். பெயர்ப் பெட்டியில் முழு டொமைனையும் எழுதினால் பல பேனல்கள் டொமைனை இன்னொரு முறை பின்னால் ஒட்டிவிடும். 'டபிள்யூடபிள்யூடபிள்யூ' மட்டும் போதும். இரண்டாவது, பதிவு செய்தபோதே நிறுவனம் போட்டுவைத்த பார்க்கிங் ஏ ரெக்கார்டை நீக்க மறப்பது. அது ஐந்தாவதாக அங்கேயே இருந்தால் சிலருக்கு உங்கள் தளமும் சிலருக்கு அவர்களுடைய விளம்பரப் பக்கமும் திறக்கும். 'என் போனில் சரியாக வருகிறதே' என்ற வாக்குவாதத்துக்கு மூலம் பெரும்பாலும் இதுதான். மூன்றாவது, டிஎன்எஸ்ஸைக் கிளவுட்ஃபிளேர் சேவையில் வைத்திருப்பவர்கள் அங்கே மேகச் சின்னத்தை ஆரஞ்சில் விட்டுவைப்பது. பிளாக்கர் பாதுகாப்புச் சான்றிதழ் எடுக்கும்வரை அது சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும்.

பிறகு பிளாக்கரில் டொமைன் திசைமாற்றம் (வெறும் பெயரை டபிள்யூ மூன்றும் உள்ள முகவரிக்கு அனுப்புவது), ஹெச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) இரண்டையும் இயக்குங்கள். சான்றிதழ் வர ஒரு நாள்வரை ஆகலாம். அதற்குள் அமைப்பை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டாம். பழைய பிளாக்ஸ்பாட் இணைப்புகள் தாமாகவே புதிய பெயருக்குப் போகும். வார்ப்புருவில் (பக்க வடிவமைப்பில்) பழைய திரட்டிகளின், அதாவது வலைப்பூப் பதிவுகளைத் தொகுத்துக் காட்டிய தளங்களின், ஓட்டுப்பட்டை நிரல் இருந்தால் இதே கையோடு வெட்டி எறியுங்கள். ஹெச்டிடிபியில் வரும் நிரலை உலாவி இப்போது தடுத்துவிடும். அதோடு சேர்ந்து பக்கத்தில் வேறு சிலவும் படுத்துவிடும்.

ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியிலிருந்து தமிழை ஏற்கிறது. பிளாக்ஸ்பாட்டில் ஏற்கெனவே விளம்பரம் ஓடினாலும் புதிய டொமைனை 'தளங்கள்' பகுதியில் சேர்த்துத் தனியே பரிசீலனைக்கு அனுப்ப வேண்டும். சில நாளிலும் முடியும், 2 முதல் 4 வாரமும் இழுக்கும். டிஎன்எஸ் முழுதும் நிலைத்த பிறகே அனுப்புங்கள். 'மதிப்புக் குறைந்த உள்ளடக்கம்' என்று திரும்பி வந்தால் முதலில் பார்க்க வேண்டியவை: வாட்ஸப்பில் வந்ததை அப்படியே போட்ட பதிவுகள், பாடல் வரிகள், மெனுவில் தொங்கும் காலிப் பக்கங்கள். அவற்றை எடுக்காமல் மறுபடி விண்ணப்பிப்பது வீண்.

தளத்தில் விளம்பரம் விற்க யாருக்கு அனுமதி என்று சொல்லும் ஆட்ஸ்.டிஎக்ஸ்டி வரியைப் பிளாக்கரின் வருமானப் பகுதியில் ஒட்டும்போது ஒரு சின்னக் கவனம். விளம்பர நிரலில் உங்கள் ஆட்சென்ஸ் எண்ணுக்கு முன்னால் 'சிஏ-பப்' என்று இருக்கும், ஆட்ஸ்.டிஎக்ஸ்டியில் வெறும் 'பப்' தான். நிரலிலிருந்து எடுத்து ஒட்டியவர்களுக்கு ஆட்சென்ஸ் காட்டும் எச்சரிக்கை மறையவே மறையாது.

விளம்பரதாரர் கூகுள் ஆட்ஸ் வழியாக 100 ரூபாய் செலவிட்டால், வாங்கும் பக்கத்தில் சராசரியாக 15 ரூபாய் பிடித்துக்கொண்டு, மிச்சம் 85இல் 20% விற்கும் பக்கத்திலும் பிடிப்பதாகக் கூகுளே சொல்கிறது. தளத்துக்கு 68. இரு பக்கமும் தரகு அதே நிறுவனம், நடுவில் ஏலக்கூடமும் அதனுடையதே. விளம்பரச் சந்தையின் இரு பகுதிகளில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்துகிறது என்று 2025 ஏப்ரல் 17இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நீதிபதி லியோனி பிரிங்கெமா தீர்ப்பளித்தார். சின்னத் தமிழ்த் தளத்துக்கு இப்போதைக்கு அந்த 68ஐ வாங்கிக்கொள்வது தவிர வழி குறைவு.

வருமானம் 10 டாலரைத் தொட்டதும் உங்கள் முகவரியைச் சரிபார்க்க 6 இலக்கப் பின் எண் சாதாரணத் தபாலில் கிளம்பும். 2 முதல் 4 வாரம் ஆகும். கதவு எண், தெரு, அடையாளக் கட்டடம் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கட்டும், தபால்காரரிடமும் சொல்லிவையுங்கள். 4 மாதத்துக்குள் எண்ணை இடாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். பணம் பெறுபவர் பெயர் வங்கிக் கணக்கில் உள்ளபடியே, முதலெழுத்து உட்பட இருக்க வேண்டும். 'ஆர்' என்று ஓரிடத்திலும் 'ராமசாமி' என்று ஓரிடத்திலும் இருந்தால் பணம் திரும்பிப் போகும்.

வங்கி விவரத்தில் ஐஎஃப்எஸ்சி போதாது, வெளிநாட்டுப் பணம் வருவதற்கான ஸ்விஃப்ட் குறியீடும் கேட்பார்கள். எல்லாக் கிளைக்கும் அது கிடையாது. அந்நியச் செலாவணி பார்க்கும் கிளையின் குறியீட்டை உங்கள் கிளையிலேயே கேட்டு வாங்குங்கள். 100 டாலர் சேர்ந்தால் அடுத்த மாதம் 21 முதல் 26 தேதிக்குள் அனுப்புவார்கள். பணம் எதற்காக வந்தது என்று காட்டும் நோக்கக் குறியீட்டை வங்கி கேட்டால் விளம்பரத்துக்கு பி1007.

முதல் பணத்தில் டொமைனைப் புதுப்பித்துவிடுங்கள். 10 ஆண்டுவரை சேர்த்தே கட்டலாம். காலாவதியான டாட் காம் பெயருக்குச் சலுகைக் காலம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதன்பின் 30 நாள் அபராதத்தோடு மீட்கலாம், பிறகு 5 நாளில் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். பழைய இணைப்புகள் உள்ள பெயரை அதற்காகவே காத்திருந்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பறிபோனால் உடனே பிளாக்கர் அமைப்பில் டொமைனை நீக்குங்கள். அதுவரை உங்கள் பிளாக்ஸ்பாட் முகவரி வருகிறவரையெல்லாம் அவர்களிடமே அனுப்பிக்கொண்டிருக்கும்.