கொக்கியைப் பார்த்தால் போதும்

போன வருடம் நியூ ஜெர்சியில் ஒரு எஸ்டேட் சேலுக்குப் போயிருந்தேன். யாராவது வயதானவர் இறந்த பிறகு கரண்டி முதல் கட்டில் வரை எல்லாவற்றிலும் விலைச்சீட்டு ஒட்டி வீட்டுக்குள்ளேயே விற்பார்களே, அதுதான். அங்கே ஒரு பழைய நெக்லஸ் கிடைத்த சந்தோஷத்தில் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினால், முதல் கேள்வி, "எத்தனை பவுன்டி?"

பவுனே இல்லம்மா, பித்தளை, மேலே முலாம், முத்து கூட கண்ணாடி முத்துதான் என்றேன். "அப்போ கவரிங்கா? அதுக்கா இவ்வளவு குடுத்த?"

கவரிங்தான். ஆனால் மிரியம் ஹாஸ்கெல் கவரிங்! 1926-இல் நியூயார்க்கில் தொடங்கிய கம்பெனி. பூவேலை மாதிரி வெட்டிய பித்தளைத் தகடு ஒன்றை எடுத்து, அதன் ஓட்டைகள் வழியாகக் குட்டிக் குட்டி முத்துகளை ஒவ்வொன்றாக மெல்லிய கம்பியில் கையாலேயே கட்டுவார்கள். பசை கிடையாது. அந்தக் கம்பி முனைகள் தெரியாமல் இருக்கப் பின்னால் இன்னொரு தகடு வேறு. இந்தப் பழைய நகைகளில் எனக்குப் பிடித்ததே இதுதான்: முன்பக்கத்தை விடப் பின்பக்கம்தான் நிறையச் சொல்லும். வாங்கப் போனால் முதலில் திருப்பிப் பாருங்கள், கொக்கியைப் பாருங்கள், அப்புறம் அழகைப் பார்க்கலாம்.

இதைக் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். ஆரம்பத்தில் ஆன்லைனில் ஒருவரிடம் "1920-களின் ஒரிஜினல்" என்று ஒரு கிரிஸ்டல் மாலை வாங்கினேன். வெளிச்சத்தில் பிடித்தால் தரையில் சிந்திய பெட்ரோல் மாதிரி நீலமும் ஊதாவும் பச்சையும் ஓடும், பார்த்துப் பார்த்து மயங்கிக் கிடந்தேன். அந்த நிறப்பூச்சுக்கு அரோரா போரியாலிஸ் என்று பெயர், ஸ்வரோவ்ஸ்கி என்ற கிரிஸ்டல் கம்பெனி அதைக் கொண்டுவந்ததே 1950-களின் நடுவில்தான் என்று பிறகு ஒரு சேகரிப்பாளர் அக்கா சொன்னார். முப்பது வருடம் போய்விட்டது! விற்றவருக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்காதீர்கள், பதிலே வரவில்லை.

டிரைஃபாரி என்ற இன்னொரு அமெரிக்கக் கவரிங் கம்பெனியின் நகைகளில் வருடம் கண்டுபிடிக்கும் இந்தச் சிக்கல் கொஞ்சம் குறைவு. இந்தக் கம்பெனி தன் டிசைன்களைக் காப்பியடித்ததாக இன்னொரு கம்பெனி மேல் வழக்குப் போட்டது. கவரிங் நகைக்கும் காப்புரிமை உண்டு என்று 1955-இல் நியூயார்க்கில் தீர்ப்பு வந்தது. அதன் பிறகு பின்பக்கத்தில் பெயரோடு, வட்டத்துக்குள் சி எழுத்து போட்ட காப்புரிமைக் குறியும் சேர்ந்துகொண்டது. குறி இருந்தால் பெரும்பாலும் 55-க்குப் பிந்தையது. ஹாஸ்கெலில் இவ்வளவு சுலபம் இல்லை. 1940-களின் பிற்பகுதி வரை பெரும்பாலானவற்றில் பெயரே கிடையாது, அதனால் ஊரில் பெயரில்லாத முத்துமாலை எல்லாம் விற்பவர் வாயில் ஹாஸ்கெல் ஆகிவிடுகிறது. நான் கொக்கியில் நீள்வட்டத் தகட்டில் பெயர் இருந்தால்தான் பர்ஸைத் திறப்பேன்.

நெக்லஸின் நீளமோ சட்டைக் கழுத்து போகிற வழியில்தான் போகும். இங்கிலாந்தில் இளவரசியாக இருந்து பிறகு ராணியான அலெக்சாண்ட்ரா கழுத்தை இறுக்கிப் பிடிக்கிற பல சர முத்து அட்டிகை போட்டார், சின்ன வயதுத் தழும்பை மறைக்கத்தான் என்று சொல்வார்கள், ஊரெல்லாம் சோக்கர் மோகம். 1920-களில் முடியைக் கத்தரித்து, இடுப்பே தெரியாத நேர் கவுன் வந்ததும் மாலை தொப்புள் வரை இறங்கியது. 1922-இல் எகிப்து மன்னன் துட்டன்காமன் கல்லறையைத் திறந்த பிறகு கொஞ்ச நாள் எல்லாவற்றிலும் எகிப்து வண்டு. பாரிஸ் உடை வடிவமைப்பாளர் சனெல் அசலையும் போலியையும் கலந்து சரம் சரமாகப் போட்டுக்கொண்டு, போலி போடுவதில் வெட்கமில்லை என்று ஆக்கிவிட்டார். 50-களில் திரும்பவும் கழுத்தை ஒட்டி மேலே ஏறியது. நீளத்தை மட்டும் வைத்து வருடம் சொல்லாதீர்கள், எல்லாம் சுற்றிச் சுற்றி வருவதுதான்.

அசல் முத்தின் கதையைச் சொன்ன பிறகுதான் அம்மா வாயை மூடினார். 1917-இல் நகை வியாபாரி கார்ட்டியே ஒரு இரண்டு சர இயற்கை முத்துமாலையையும் 100 டாலரையும் கொடுத்து நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில் ஒரு மாளிகையையே வாங்கினார். மாலைக்கு அன்றைய மதிப்பு பத்து லட்சம் டாலர். அதற்குள் ஜப்பானில் மிகிமோட்டோ சிப்பிக்குள் முத்தை வளர்க்கப் பழகியிருந்தார், அவை சந்தைக்கு வந்து குவிந்ததும் இயற்கை முத்து விலை படுத்துவிட்டது. 1957-இல் அதே மாலை சுமார் ஒன்றரை லட்சம் டாலருக்குத்தான் போனது. ஆனால் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மனைவி ஜாக்குலின் கென்னடியின் மூன்று சரப் போலி முத்து மாலை, ஏலக்காரர்களே 500 முதல் 700 டாலர் வரை போகும் என்று போட்டிருந்தது, 1996-இல் 2,11,500 டாலருக்குப் போனது. (பணவீக்கத்தைக் கணக்கில் எடுத்தால் அசல்தான் மேல், அம்மாவிடம் சொல்லவில்லை.)

முத்து அசலா என்று பார்க்கப் பல்லில் மெதுவாக உரசுங்கள். நறநறவென்றால் சிப்பியில் விளைந்தது, வழுக்கினால் போலி. கடையில் எல்லோர் முன்னாலும் செய்ய வேண்டாம், நான் செய்து ஒரு பாட்டி முறைத்தார்.

வாங்கிய பிறகு தண்ணீரில் முக்காதீர்கள், கண்ணாடி முத்தின் பூச்சு உரிந்துவிடும். சென்ட்டை முதலில் அடித்து, காய்ந்த பிறகு மாலையைப் போடுங்கள். பித்தளையில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தால் வாங்கவே வேண்டாம், துடைத்தாலும் பெரும்பாலும் திரும்ப வரும். என் ஹாஸ்கெலில் களிம்பு இல்லை, நூல்தான் நைந்துவிட்டது. கோர்த்துத் தருகிறவர் இரண்டு வாரம் ஆகும் என்கிறார், பழைய கொக்கியை மாற்றக் கூடாது என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.