அவிலா: மதிலுக்கு வெளியே தெரேசம்மாள்

ஸ்பெயின் தலைநகர் மத்ரித்திலிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். கடல் மட்டத்திலிருந்து 1,130 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் என்பதால், மே மாத வெயிலிலும் காற்று சில்லென்று அடித்தது. அவிலா என்றாலே எல்லாரும் சொல்வது மதிலைத்தான். சுமார் இரண்டரை கிலோமீட்டர் சுற்றளவு, 9 வாசல்கள், நெருக்கமாக நிற்கும் கொத்தளங்கள், 1985 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இடம். வருகிறவர்களில் பலர் அதன்மேல் நடந்து, போட்டோ எடுத்து, மாலை ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். இந்த ஊரில் பிறந்த கன்னியர் புனித தெரேசாவைத் தேடி வருகிறவர்கள் மதிலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவர் பிறந்த வீடு உள்ளே இருந்தது. துறவறம் பூண்டதும், புது மடம் கண்டதும் வெளியே.

1515இல் அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது கார்மேல் சபையின் மடமும் கோயிலும். பிறந்த அறை இருந்த இடம் தங்கமாக ஜொலிக்கும் சிற்றாலயம். பக்கத்துத் திருப்பண்ட அறையில், கண்ணாடிக்குள் மோதிரம் போட்டபடி அவருடைய விரல். என்னோடு வந்த அம்மா சிலுவை போட்டுக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். எனக்கு அந்தத் தங்கப் பூச்சில் மனம் ஒட்டவில்லை.

வடக்கு வாசல் வழியாக இறங்கி நடந்தால் என்கர்னசியோன் மடம். 20 வயதில், 1535இல், இங்கேதான் கன்னியராகச் சேர்ந்தார். வசதியான வீட்டுப் பெண்கள் வேலைக்காரிகளோடு தங்கியிருந்த மடம் அது. பார்க்க வருகிறவர்களோடு அரட்டையடிக்கும் அறைகள் இன்றும் இருக்கின்றன. அதே கட்டடத்தில், அவர் தலைக்கு வைத்துக்கொண்டதாகச் சொல்லும் மரத்துண்டையும் காட்டுகிறார்கள். துணி கிடையாது, பஞ்சு கிடையாது, வெறும் கட்டை. “கழுத்து என்னத்துக்கு ஆகும்டா!” என்றார் அம்மா.

இங்கே ஆன்ம குருவாக இருந்த சிலுவை அருளப்பர் வரைந்த சின்னஞ்சிறு ஓவியம் ஒன்றும் உண்டு. சிலுவையில் தொங்கும் இயேசுவை மேலேயிருந்து, பக்கவாட்டில் பார்க்கிற கோணம். தலை முன்னால் சரிந்து முகமே தெரியாது. 1951இல் ஸ்பானிய ஓவியர் டாலி வரைந்த புகழ்பெற்ற சிலுவை ஓவியத்துக்கு இதுதான் தூண்டுதல். ஆனாலும் எத்தனை பேர் நிற்காமல் கடந்து போகிறார்கள்!

மதிலை ஒட்டி வெளியே நிற்கும் சான் விசென்ட் ஆலயத்துக்கு அவசியம் போக வேண்டும். வேதசாட்சிகளான விசென்ட், அவருடைய சகோதரிகள் சபினா, கிறிஸ்தேத்தா ஆகியோருக்கான 12ஆம் நூற்றாண்டு நினைவுக் கல்லறை இங்கே இருக்கிறது. அவர்கள் பட்ட வதைகளும், உடல்களைக் காவல் காத்த பாம்பும் அதன் பக்கங்களில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. படியிறங்கினால் நிலவறையில் மாதா சுரூபம். பழைய மடத்தை விட்டுப் புது மடத்துக்குப் போகும் வழியில் தெரேசா இந்த மாதாவின் முன்தான் காலணிகளைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தார் என்பது ஊரார் நம்பிக்கை.

அந்தப் புது மடம், 1562இல் தொடங்கிய சான் ஹோசே, கிழக்கே சிறிது தூரத்தில். கார்மேல் சபையில் அவர் செய்த சீர்திருத்தத்தின் முதல் மடம் இதுதான். ஏழ்மையில், உலகத்திலிருந்து ஒதுங்கி வாழ வேண்டும் என்பது ஒழுங்கு. ஊர்ப் பெரியவர்கள் எதிர்த்தார்கள், வழக்குப் போட்டார்கள், மடம் நிலைத்துவிட்டது. இன்றைய கோயில் அவர் காலத்துக்குப் பிறகு கட்டியது. அவ்வளவாகக் கூட்டம் இல்லை. ஜெபமாலை சொல்ல நிம்மதியான இடம்.

பேராலயத்தில் உட்கார நேரம் கிடைக்கவில்லை. பின்பகுதியே மதிலின் கொத்தளமாக நிற்கும் விசித்திரமான கட்டடம் அது. உள்ளே பீடத்தைச் சுற்றி வரும் பாதையில் கல்லெல்லாம் வெள்ளையில் சிவப்புத் திட்டுகள், ரத்தம் கசிந்த மாதிரி.

அக்டோபர் 15 அவருடைய திருவிழா. அப்போது போகிறவர்கள் தங்கும் இடத்தை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். இன்னொன்று: கல்லறையைத் தேடி அவிலாவில் அலையாதீர்கள். அவர் 1582இல் இறந்ததும் அடக்கமாகியிருப்பதும் சலமன்காவுக்குப் பக்கத்தில் உள்ள ஆல்பா தெ டோர்மெஸ் என்ற சிற்றூரில்.