401 பாட்டும் ஒரு பத்திரிகைத் துண்டும்

கடவுள் வாழ்த்தை விட்டுவிட்டால், சங்க காலக் காதல் பாட்டுகளின் தொகுப்பான குறுந்தொகையில் 401 பாட்டு. வருஷத்துக்கு 365 நாள். நாளுக்கு ஒன்று படித்தால் 36 பாட்டு மிஞ்சும். அதனால் திங்கள் முதல் சனி வரை ஒன்று, ஞாயிறு இரண்டு என்று கணக்குப் போட்டேன். வாரம் எட்டு, 52 வாரத்துக்கு 416. பதினைந்து பாட்டு அளவுக்குச் சோம்பலுக்கும் இடம் விட்டாயிற்று. ஜனவரி 1 காலை, காபி ஆறுவதற்குள் முதல் பாட்டு முடிந்தது.

பாட்டெல்லாம் நான்கு அடியிலிருந்து எட்டு அடிக்குள், இரண்டு மட்டும் ஒன்பது அடி. இதற்கு மேல் சின்னதாக வேண்டுமென்றால் மூன்று முதல் ஆறு அடி உள்ள ஐங்குறுநூற்றுக்கோ குறளுக்கோ போக வேண்டும். எனக்கு முன்பே தெரிந்தவை நாலைந்து இருக்கும். 'யாயும் ஞாயும்', 'கொங்குதேர் வாழ்க்கை' என்று பள்ளிப் பாடத்தில் வந்தவை.

முதல் இரண்டு வாரம் சப்பென்று இருந்தது. காரணம் பிறகுதான் பிடிபட்டது. என்னிடம் இருக்கும் உரைப்பதிப்பில் பாட்டை ஒட்டியே கூற்றுக் குறிப்பு இருக்கிறது: யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னது என்று. கண் முதலில் அங்கேதான் போகும். விடையைப் பார்த்துவிட்டு விடுகதை கேட்பது மாதிரி ஆகிவிட்டது. அந்தக் குறிப்புகள் பாடினவர்கள் எழுதியவை அல்ல, பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். சரி, அப்படியானால் மறைத்துவிட்டுப் படிப்பதில் தப்பில்லை என்று பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கிழித்துத் துண்டாக்கினேன். பாட்டை மட்டும் படிப்பது, ஓரத்தில் பென்சிலால் என் ஊகத்தை எழுதுவது, அப்புறம் துண்டை எடுத்துச் சரிபார்ப்பது. இந்த ஆட்டம் இல்லாவிட்டால் நான் பிப்ரவரியைத் தாண்டியிருக்க மாட்டேன்.

துண்டு வைத்த பிறகு முதலில் மனசில் நின்றது 25-ஆம் பாட்டு, கபிலர் பாடியது. அவன் என்னைச் சேர்ந்த அன்று சாட்சிக்கு யாருமில்லை, தினைத்தாள் போன்ற மெல்லிய பச்சைக் காலோடு ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குருகுதான் (கொக்கு மாதிரிப் பறவை) இருந்தது என்கிறாள். தலைவி சொல்வது என்று யாரும் கண்டுபிடிக்கலாம். நான் யோசித்துக்கொண்டிருந்தது அந்தக் குருகைப் பற்றி. இருந்த ஒரே சாட்சிக்கும் கவனம் மீன் மேல்.

138-இல் தோற்றேன். ஊரே தூங்கினாலும் நாங்கள் தூங்கவில்லை, வீட்டுக்குப் பக்கத்தில் நொச்சிப் பூ உதிரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தோம் என்கிற பாட்டு. கண்ணை மூடிக்கொண்டு 'தலைவி' என்று எழுதினேன். துண்டை எடுத்தால் தோழி. 'யாம்' என்றிருப்பதைக் கவனிக்காமல் விட்டேன். ராத்திரி வருவதாகச் சொன்னவனின் குறி, அதாவது சந்திப்பு ஏற்பாடு, பிழைத்துப் போயிற்று. நாங்கள் விழித்துத்தான் இருந்தோம், பூ விழுவது கூடக் கேட்டது, நீ வந்த சத்தம் கேட்கவில்லையே என்று மறுநாள் சொல்லிக் காட்டுகிறாள். ஏக்கம் என்று நினைத்தது குத்தல் என்று ஆகிவிட்டது. நொச்சி இலையை 'மயிலடி' என்கிறார் கொல்லன் அழிசி. சளிக்கு ஆவி பிடிக்க எத்தனையோ தடவை அந்த இலையைப் பறித்திருக்கிறேன், மயிலின் காலை ஒருநாளும் பார்த்ததில்லை.

மே மாதம் 152-ஆம் பாட்டோடு நின்றது. அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை, அதைத் தொடர்ந்து வீடு மாற்றம். புத்தகம் ஏதோ ஓர் அட்டைப்பெட்டியில், பித்தளை அண்டாவுக்கு அடியில் போய்விட்டது. கிடைத்தபோது ஆறு வாரம் ஓடியிருந்தது, 48 பாட்டு பாக்கி. கடனை அடைக்கிற வேகத்தில் ஒரே ராத்திரி பன்னிரண்டு பாட்டு படித்தேன். காலையில் ஒன்றுகூட நினைவில் இல்லை. ஓரத்தில் பார்த்தால் பன்னிரண்டுக்கும் 'தலைவி' என்று எழுதி வைத்திருக்கிறேன். அழித்துவிட்டு மறுபடி 153-இலிருந்து ஆரம்பித்தேன். நாளுக்கு இரண்டுக்கு மேல் கிடையாது, டிசம்பர் போனால் போகட்டும் என்று விதியையும் மாற்றிக்கொண்டேன்.

அதற்குப் பலன் 167-இல் கிடைத்தது. கூடலூர் கிழார் பாட்டு. தயிர் பிசைந்த விரலைத் துணியில் துடைத்து, அதைத் துவைக்காமலே உடுத்திக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, ஒருத்தி புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் நன்றாயிருக்கிறது என்று சாப்பிட, அவள் முகம் 'நுண்ணிதின் மகிழ்ந்தன்று', வெளியே தெரியாத அளவு நுட்பமாக மகிழ்ந்தது. (அது மோர்க்குழம்புதான் என்று என் அம்மா சாதிக்கிறார்.) தோழி என்று எழுதினேன். குறிப்பில் செவிலி. வளர்த்தவள் பெண்ணின் புதுக்குடித்தனத்தை நேரில் பார்த்துவிட்டு வந்து, பெற்றவளிடம் சொல்கிறாள். அதற்கப்புறம் பாட்டு முழுக்க வேறாகத் தெரிந்தது. துவைக்காத துணியைக் கவனித்தது யார் கண் என்று புரிந்துவிட்டது. 'நுண்ணிதின்' என்ற சொல்லையும் வளர்த்தவள்தான் சொல்ல முடியும். மற்றவர்களுக்கு அந்த மகிழ்ச்சி தெரிந்தே இருக்காது.

பாடியவர்கள் 205 பேர். சிலருக்கு அவர்கள் பாட்டில் வரும் சொல்லே பெயராகிவிட்டது: மீனெறி தூண்டிலார், ஓரேருழவர், கல்பொரு சிறுநுரையார். எனக்கு நெருக்கமானவர் 305-இன் குப்பைக்கோழியார். மூட்டிவிடவும் ஆளில்லாமல் விலக்கவும் ஆளில்லாமல், குப்பையில் தாமாகச் சண்டை போட்டுத் தாமாக ஓய வேண்டிய கோழிகள் போல என் காதல் நோய், களைவோர் இல்லை என்கிறாள் தலைவி. புது வீட்டின் பின்புறம் நிஜமாகவே குப்பைமேடும் கோழிகளும் உண்டு. இரண்டு நாள் நின்று பார்த்தேன். அவர் சொன்னது சரிதான், யாரும் விலக்குவதில்லை. நானும் விலக்கவில்லை.

எல்லாம் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். பொருள் தேடப் போனவன் கார்காலத்தில் திரும்பாத பாட்டுகள் அடுத்தடுத்து வந்தபோது, இவன் வரவே வேண்டாம் என்று தோன்றிய வாரங்கள் உண்டு.

ஆயுதபூஜை, தீபாவளி விடுமுறைகளில் இருபது பாட்டுப் போலப் பாக்கி குறைந்தது. முதல் நூறில் ஊகம் சரியானவை 41, கடைசி நூறில் 68. ஜனவரி 9 அன்று 401. அம்மூவனார் பாட்டு, அடும்பு மலரும் விளையாடும் பெண்களுக்குப் பயந்து கடலுக்குள் ஓடும் நண்டும். இந்தத் தடவை நிதானமாக, தலைவி தோழியிடம் சொன்னது என்று எழுதினேன். துண்டை எடுத்தேன். தலைவிதான். ஆனால் 'தன்னுள்ளே சொல்லியது' என்றிருந்தது. அரை மதிப்பெண் போட்டுக்கொண்டேன்.