மாங்குளத்திலிருந்து ரொறொன்ரோவுக்கு மூன்று பக்கத் தொலைநகல்

மாங்குளம் சந்தியில் நான் நடத்தும் போட்டோப் பிரதிக் கடைக்கு, ஒட்டுசுட்டானிலிருந்து பேருந்தேறி ஓர் அம்மா வந்தார். ரொறொன்ரோவில் இருக்கும் அவருடைய மகனின் சட்டத்தரணி, சத்தியக்கடதாசி இரண்டு பக்கத்தையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் தொலைநகலில்தான் அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தார். என்னிடம் தொலைநகல் இயந்திரம் இல்லை. தொலைபேசி இணைப்பு வழியே தொலைநகல் அனுப்பக்கூடிய யூஎஸ்பி மொடெம் செருகிய கணினியும், மருமகன் பதிந்து தந்த இணையத் தொலைபேசிக் கணக்கும், அந்தக் கணக்கைச் சாதாரணத் தொலைபேசி இணைப்பாக மாற்றித் தரும் சிறிய அடாப்டரும் இருந்தன. இவற்றைக் கொண்டு அந்த மூன்று பக்கங்களையும் அனுப்பி முடிக்க எனக்கு நான்கு நாள்கள் பிடித்தன.

முதலில் மொடெம் எண்ணை அழைக்கவே மறுத்தது. அடாப்டர் தரும் டயல் டோனை அது டயல் டோனாக ஏற்கவில்லை. மொடெத்துக்கான கூடுதல் கட்டளைப் பெட்டியில் ஏடிஎக்ஸ்3 என்று சேர்த்ததும், டோனுக்குக் காத்திராமல் நேரே அழைத்தது.

அடுத்த தடங்கல் பெரியது. மறுமுனை எடுத்தது, தொலைநகல் இயந்திரம் பதிலாகத் தரும் 2100 ஹேர்ட்ஸ் ஒலி மொடெத்தின் ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது, இரண்டு பக்கமும் வேகத்தைப் பேசித் தீர்க்கும் இரைச்சல் எழுந்தவுடன் இணைப்பு அறுந்தது. அடாப்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது, அது ஜி.729 முறையில் ஒலியை நொடிக்கு 8 கிலோபிட்டாகச் சுருக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சுருக்கம் மனிதப் பேச்சின் இயல்பை வைத்து அமைந்தது. பேச்சு விளங்கும், ஆனால் மொடெம் ஒலி உருத்தெரியாமல் போய்விடும். ஒலியை அவ்வளவு சுருக்காத 64 கிலோபிட் ஜி.711 முறையை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்கினேன். மௌனத்தில் ஒலியை நிறுத்தும் வசதியையும் எதிரொலி நீக்கத்தையும் அணைத்தேன். தொலைநகலுக்கென்றே வகுக்கப்பட்ட டி.38 முறை அடாப்டரில் இருந்தாலும், எங்கள் சேவை அதை ஏற்காததால், அதற்கு மாற முயன்ற ஒவ்வொரு தடவையும் அழைப்பு விழுந்தது; அதையும் அணைக்க வேண்டியதாயிற்று. கணக்கு எடுக்கும் முன்னரே டி.38 உண்டா என்று கேட்டு உறுதிப்படுத்தியிருந்தால் என் வேலையில் பாதி குறைந்திருக்கும். இதில் இறங்குகிறவர்கள் முதலில் அதைக் கேளுங்கள்.

அதன் பின்னரும் பக்கங்கள் ஒழுங்காகப் போகவில்லை, காரணம் இணையத்தில் இருந்தது. குரல் 20 மில்லிசெக்கன் துண்டுகளாக, நொடிக்கு 50 பொதிகளாகப் போகிறது. பேசும்போது ஒரு பொதி தவறினால் காது கவனிக்காது. நொடிக்கு 14400 பிட் வேகத்தில் ஓடும் தொலைநகலிலோ அந்த ஒரு பொதியோடு 288 பிட்கள் போய்விடும். கடையின் 4ஜி ரவுட்டரில் பகல் நேரத்தில் பொதிகள் தொடர்ந்து தவறின. இசிஎம் எனும் பிழைதிருத்த முறை, பிழைபட்ட பகுதிகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு இரண்டாம் பக்கத்தில் களைத்து அழைப்பை விட்டது. அதை அணைத்தேன். மூன்று பக்கமும் "அனுப்பப்பட்டது" என்று கணினி காட்டியது.

நான் அதை நம்பவில்லை. வந்து சேர்ந்த தாளைப் படமெடுத்து வைபரில் அனுப்பும்படி அம்மாவின் மகனிடம் கேட்டேன். பதிவு இலக்கத்தின் குறுக்கே சில வரிகள் விடுபட்டு, இலக்கங்கள் நடுவில் நசுங்கி, 8 எது, 3 எது என்று பிரிக்க முடியாமல் இருந்தது. இசிஎம்மை அணைத்துவிட்டால் போதும் என்று பலரும் சொல்லும் வழி கடிதத்துக்குச் சரியாக இருக்கலாம். இலக்கம் உள்ள பத்திரத்துக்கு அது ஆபத்தானது என்பதே என் முடிவு.

ஆகவே இசிஎம்மை மீண்டும் போட்டு, வேகத்தை 9600க்குக் குறைத்து, ஓர் அழைப்புக்கு ஒரு பக்கம் என்று பிரித்தேன். அத்தாட்சிப் பத்திரத்துக்கு மட்டும், எழுத்தைக் கூடுதல் தெளிவாக அனுப்பும் நுண்தரத்தைத் தெரிவு செய்தேன். மாங்குளம் உறங்கும் அதிகாலை 4 மணிக்கு அனுப்பினேன். அங்கே அது கோடைக்கால மாலை 6.30. அலுவலகத்தில் ஆளில்லாவிட்டாலும் இயந்திரம் விழித்திருக்கும். முதல் பக்கம் ஒரே தடவையில் போனது. இரண்டாவது இரண்டு தடவை விழுந்து மூன்றாவதில் போனது. அத்தாட்சிப் பத்திரம் நீண்ட நேரம் எடுத்தது; மொடெத்தின் சிறு விளக்கு அணையும்வரை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

காலையில் அம்மா வந்து, "தம்பி, எழுத்தெல்லாம் முழுசாப் போய்ச் சேர்ந்திட்டுதோ?" என்று கேட்டார். சட்டத்தரணியின் அலுவலகத்திலிருந்து மகன் வாங்கி அனுப்பியிருந்த படத்தைத் திரையில் பெருப்பித்துக் காட்டினேன். அவர் மூலப் பத்திரத்தைப் பையிலிருந்து எடுத்து விரித்து, ஒவ்வோர் இலக்கத்தின் மேலும் விரலை வைத்து, திரையைப் பார்த்துப் பார்த்து, கடைசி இலக்கம்வரை வாய்விட்டு வாசித்தார்.